சிறிய காரின் உயரம் எங்கிருந்து வருகிறது: வீட்டில் செய்யும் சஸ்பென்ஷன் லிஃப்ட் பற்றிய ஒரு விளக்கம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சிறிய கார் வைத்திருப்பவர்கள் அதிகம் சொல்லும் குறை "அடி தட்டுது" என்பதுதான். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகத் தொப்பூருக்கு இறங்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் காருக்கு இந்தக் குறை வருவதில்லை. அந்தச் சாலையை விட்டு விலகித் தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அஞ்செட்டிப் பக்கமோ, பென்னாகரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கோ, அரூரிலிருந்து சித்தேரி மலைப்பக்கமோ திரும்பும்போது அது தொடங்குகிறது. மாந்தோப்புகளுக்குள் செல்லும் வண்டிப்பாதைகளை டிராக்டர் சக்கரங்கள் இரண்டு பக்கமும் ஆழமாக அறுத்துவிட, நடுவில் புல் முளைத்த மேடு ஒன்று மிஞ்சுகிறது. உயரமான டிராக்டருக்கு அது ஒரு பொருட்டல்ல, ஆனால் ஆல்ட்டோவின் ஆயில் சம்பும் (எஞ்சின் ஆயில் தேங்கும் அடித்தொட்டி) சைலன்சரும் அதன்மேல்தான் உரசிச் செல்கின்றன. மழைக்காலம் முடிந்த பிறகு அந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகிறது.

இந்தக் குறைக்கு மலிவான தீர்வாகப் பலர் நாடுவது, காரின் ஸ்பிரிங்குகளுக்கு மேலோ கீழோ தடிமனான துண்டுகளைச் செருகி உடலைத் தூக்கும் சஸ்பென்ஷன் லிஃப்ட் ஆகும். ஸ்பேசர் என்று அழைக்கப்படும் இந்தத் துண்டுகள் இணையத்தில் விற்கின்றன. ஓசூர்ப் பக்கத்து லேத் பட்டறைகளில் நைலான் தடியிலோ அலுமினியத்திலோ கடைந்தும் வாங்கலாம். ஒரு ஜாக்கி, சில ஸ்பேனர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் வீட்டு வாசலிலேயே வேலை முடிந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வேலை முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் காரின் உடல் ஓர் அங்குலம் மேலே போகும்போது அதனுடன் சேர்ந்து எவையெல்லாம் தம் இடத்தை விட்டு நகர்கின்றன என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே அந்த வேலையில் இறங்க வேண்டும். அதற்கும் முன்பாக, கார் உண்மையிலேயே தாழ்வானதா, இல்லை தாழ்ந்துபோனதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை என்பதால்தான் அதிலிருந்து தொடங்குகிறேன்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது தரைக்கும் காரின் அடியில் மிகத் தாழ்வாக உள்ள பகுதிக்கும் இடைப்பட்ட தூரம். ஆல்ட்டோ 800க்கு இது 160 மி.மீ., டாடா நானோவுக்கு 180 மி.மீ., 2015இல் வந்த முதல் ரெனோ குவிட்டுக்கும் 180 மி.மீ. விளம்பரத் தாள்களில் அச்சாகும் இத்தகைய எண்கள் பெரும்பாலும் ஆளோ சுமையோ ஏறாத நிலையில் அளக்கப்பட்டவை. சுமையுடனா, சுமையின்றியா என்ற வேறுபாடு எவ்வளவு பெரியது என்றால், 2023 ஜூலையில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம், பெரிய கார்களுக்கான கூடுதல் வரியை அப்போது தீர்மானித்த 170 மி.மீ. என்ற அளவு சுமையற்ற நிலைக்கு உரியது என்று தனியாகத் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

சுமை ஏறியதும் என்ன ஆகிறது என்பதை ஓர் எளிய கணக்கில் காணலாம். பின்புறக் காயில் ஸ்பிரிங் ஒன்று ஒரு மி.மீ. அமுங்குவதற்கு 2 கிலோ எடை தேவை என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஸ்பிரிங்குகளும் சேர்ந்து மி.மீ. ஒன்றுக்கு 4 கிலோவைத் தாங்கும். பின்னிருக்கையில் மூன்று பெரியவர்களும் டிக்கியில் இரண்டு தக்காளிப் பெட்டிகளும் ஏறினால் பின் ஆக்சிலின் மேல் 200 கிலோ கூடுகிறது. அந்த இடத்தில் உடல் 50 மி.மீ. இறங்கிவிடுகிறது. பாலக்கோட்டுச் சந்தைக்கோ ராயக்கோட்டைச் சந்தைக்கோ அந்த நிலையில் செல்லும் கார், வாங்கும்போது நம்பிய 160 மி.மீ. உயரத்தில் ஓடுவதில்லை.

சாலையின் பங்கையும் இதே போல அளந்து பார்க்க வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட வேகத்தடை நெறிமுறை, மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்கத்தக்க தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் 17 மீட்டர் ஆரமுள்ள வளைவும் கொண்டிருக்க வேண்டும் என்கிறது. ஆல்ட்டோவின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் 2360 மி.மீ. மட்டுமே, ஆகவே அத்தகைய தடையின் மேல் நான்கு சக்கரங்களுமே ஏறி நிற்கும், நடுவில் வளைவு வெறும் 41 மி.மீ. மட்டுமே மேலெழும். முழுச் சுமையுடன் சென்றாலும் அடி தட்டுவதற்கு இடமில்லை. நம் ஊர்களில் தட்டுவதற்குக் காரணம், ஒரு விபத்து நடந்த மறுநாள் ஊர்க்காரர்களே கான்கிரீட்டைக் கொட்டி எழுப்பும் குறுகலான மேடுகள்தாம். முக்கால் மீட்டர் அகலமும் 15 செ.மீ. உயரமும் கொண்ட அப்படியொரு மேடு முழுவதுமாக இரண்டு ஆக்சில்களுக்கும் நடுவில் அடங்கிவிடுகிறது. அங்கே 150 மி.மீ. முழுவதும் தேவைப்படுகிறது. இந்த மேடுகள் குழந்தைகளின் உயிரைக் காக்க எழுந்தவை என்பதை மறுக்க முடியாது. அதே நோக்கத்தை அகலமான வளைவு இன்னும் நன்றாக நிறைவேற்றும் என்பதால், ஊராட்சிகள் சாலை போடும்போதே அதை முறையாக அமைத்துக் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இனிக் காருக்கு வருவோம். பத்து ஆண்டு ஓடிய காரில் காயில் ஸ்பிரிங் தன் பழைய உயரத்தில் இருப்பது அரிது. உருக்குக் கம்பி பல லட்சம் முறை அமுங்கி விரிந்து சோர்வடையும். கம்பியின் மேற்பூச்சு உரிந்து துருப்பிடித்த இடத்தில் முறிவும் ஏற்படும். கடைசிச் சுற்று உடைந்து, தான் அமரும் கிண்ணத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஸ்பிரிங்கோடு உரிமையாளர் அறியாமலேயே ஓடும் கார்களும் உண்டு. ஆகவே முதல் வேலை, பெட்ரோல் பங்க் போன்ற சமதளமான கான்கிரீட் தரையில் காரை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் டேப் வைத்து அளப்பது. டயரின் காற்றழுத்தமும் தேய்மானமும் இந்த அளவைப் பாதிக்காது என்பதால்தான் தரையிலிருந்து அளக்காமல் சக்கர மையத்திலிருந்து அளக்கிறோம். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வேறுபாடு இருந்தாலோ, அதே மாடலில் அதிகம் ஓடாத இன்னொரு காரைவிடக் குறைவாக இருந்தாலோ, அந்தக் காருக்குத் தேவைப்படுவது ஸ்பேசர் அன்று. நிறுவனத்தின் அசல் ஸ்பிரிங்கும், அதன் ரப்பர் இருக்கைகளும், ஸ்ட்ரட் எனப்படும் முன்சக்கரத் தூணை உடலோடு பிணைக்கும் மேல் மவுண்ட்டும்தான். சோர்ந்த ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசரை அடுக்குவதால் இழந்த உயரம் திரும்புமே தவிர இழந்த வலு திரும்பாது.

ஸ்பிரிங்குகள் நல்ல நிலையில் இருந்தும் உயரம் போதவில்லை என்றால், அடுத்ததாகப் பார்க்க வேண்டியது டயர். ஆக்சில், லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் பிடிக்கும் கை), சம்ப், சைலன்சர் என அனைத்தையும் ஒருசேரத் தூக்குவது டயர் ஒன்றுதான். மாருதி 800இன் 145/70 ஆர்12 டயரின் மொத்த விட்டம் 508 மி.மீ. அளவில் இருக்கும். அதற்குப் பதிலாக ஆல்ட்டோவின் 145/80 ஆர்12 டயரைப் போட்டால் விட்டம் 537 மி.மீ. ஆகிறது, காரின் உயரம் 14 மி.மீ.க்குச் சற்று மேல் கூடுகிறது. பழைய 800 வைத்திருப்பவர்கள் நெடுநாளாகச் செய்துவரும் மாற்றம் இது. இதற்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரம் கடக்கும் தூரம் ஏறக்குறைய 5.7 சதவீதம் கூடுவதால், மீட்டர் 60 காட்டும்போது கார் 63க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். ஏற்றத்தில் கியரின் இழுவை அதே அளவு குறையும். வத்தல்மலை போன்ற ஏற்றத்தில் முழுச் சுமையுடன் இரண்டாவது கியரில் ஏறிய கார், முதல் கியரைக் கேட்கும். ஸ்டீயரிங்கை முழுவதுமாக இருபுறமும் ஒடித்து, ஆட்களை ஏற்றி அமுக்கியும் பார்த்து, டயர் எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்த பிறகே இதை ஏற்கலாம்.

ஸ்பேசர் வைப்பது என்ன செய்கிறது என்று புரிய, முன் சஸ்பென்ஷனின் அமைப்பை அறிய வேண்டும். இன்றைய சிறிய கார்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் முன்பக்கம் இருப்பது மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மேக்ஃபெர்சன் 1940களில் வடிவமைத்த இந்த ஏற்பாட்டில், துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணாகவும் இருக்கிறது. அதன் மேல் முனை காரின் உடலோடு மவுண்ட் மூலம் பிணைந்திருக்கிறது. கீழ் முனை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற உறுப்பில் இரண்டு போல்ட்டுகளால் இறுகியிருக்கிறது. நக்கிளின் அடியை லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட் என்ற பந்து மூட்டின் மூலம் பிடித்துக்கொள்கிறது. உறுப்புகள் குறைவு, இடமும் குறைவாக எடுக்கும், செலவும் குறைவு. அதனால்தான் சிறிய கார்கள் இதை விரும்பி ஏற்றன. உறுப்புகள் குறைவு என்பதன் மறுபக்கம், ஒவ்வோர் உறுப்பும் ஒன்றுக்கு மேற்பட்ட வேலையைச் செய்கிறது என்பது. மாருதி 800இலும் பழைய ஆல்ட்டோவிலும் ஸ்டெபிலைசர் பார், கார் சாய்வதைத் தடுப்பதோடு லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்தும் வைக்கிறது. அப்படிப்பட்ட அமைப்பில் உயரத்தை மாற்றினால் ஒரே ஓர் அளவு மட்டும் மாறி நின்றுவிடாது.

ஸ்பேசரை மூன்று இடங்களில் வைக்கிறார்கள். மூன்றும் வெவ்வேறு விளைவுகளைத் தருபவை. ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட்டுக்கும் காரின் உடலுக்கும் நடுவில் வைப்பது முதல் வகை. இதில் ஸ்பிரிங் எப்போதும் போலவே அமுங்கியிருக்கிறது, ஷாக் அப்சார்பரின் இயக்கமும் மாறுவதில்லை. முழு ஸ்ட்ரட்டும் ஸ்பேசரின் தடிமன் அளவுக்குக் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். ஆகவே பயணச் சுகம் முன்போலவே இருக்கும். ஆனால் சக்கரம் பள்ளத்தில் முழுவதுமாகத் தொங்கும்போது லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட், ஆக்சில் எல்லாம் நிறுவனம் நினைத்திராத ஆழம் வரை போகும். இரண்டாவது வகையில் ஸ்பேசர் ஸ்பிரிங்குக்கும் அதன் கிண்ணத்துக்கும் நடுவில் அமர்கிறது. இங்கே தொங்கும் எல்லை மாறுவதில்லை; மாறாக, கார் நிற்கும் நிலையிலேயே ஷாக் அப்சார்பர் கூடுதலாக நீண்டு நிற்கிறது. அதற்குக் கீழ்நோக்கி 80 மி.மீ. மிச்சம் இருந்தது என்றால், 30 மி.மீ. உயர்த்திய பிறகு 50தான் மிச்சம். மேட்டின் உச்சியிலிருந்து சக்கரம் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஷாக் தன் எல்லையைத் தொட்டு "டம்" என்று இழுபடும். உள்ளே இருக்கும் சீல் சில மாதங்களில் ஆயிலைக் கசியவிடும்.

மூன்றாவது வகை, ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவில் செருகப்படும் ரப்பர் பஃபர். கழற்றவே தேவையில்லை, சோப்பு நீர் தடவித் திருகினால் போதும் என்பதால் இதுதான் அதிகம் விற்கிறது. என் மதிப்பீட்டில் மூன்றிலும் இதுவே மிக மோசமானது. ஸ்பிரிங்கின் விறைப்பு, வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதமாக மாறுவது. ஆறு சுற்றுகளில் ஒன்றைப் பஃபர் பூட்டிவிட்டால் விறைப்பு 20 சதவீதம் கூடுகிறது. பஃபர் சுற்று முழுவதையும் சீராகத் தாங்குவதும் இல்லை. அது முடியும் விளிம்பில் கம்பியின் ஓர் இடத்தின் மேல் முறுக்கம் குவிகிறது, ரப்பருக்கும் கம்பிக்கும் இடையே மண்ணும் ஈரமும் தங்கி மேற்பூச்சை அரிக்கின்றன. ஸ்பிரிங் அங்கேதான் ஒருநாள் முறியும். சற்றே தடித்த கம்பியுள்ள வேறு மாடல் காரின் ஸ்பிரிங்கை மாட்டிக்கொள்ளும் பழக்கத்திலும் இதே ஆபத்தின் வேறொரு வடிவம் இருக்கிறது. விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், 10 சதவீதம் தடித்த கம்பி 46 சதவீதம் விறைப்பான ஸ்பிரிங்கைத் தருகிறது. பழைய ஷாக் அப்சார்பரால் அந்தத் துள்ளலை அடக்க இயலாது.

பின்பக்கம் தனியாகக் கவனிக்கத்தக்கது. சிறிய கார்களின் பின் சக்கரங்கள் ஒரே விறைப்பான ஆக்சிலாலோ, முறுக்குத்தாங்கும் ஒரு குறுக்குச் சட்டத்தாலோ இணைக்கப்பட்டவை. ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசர் வைத்தால் உடலும் சைலன்சரும் உயருமே தவிர, ஆக்சிலோ அதில் பொருத்தப்பட்ட ஷாக்கின் கீழ்க் கண்ணோ ஒரு மி.மீ.கூட உயராது. தோப்புப் பாதையின் நடுமேடு அந்த ஆக்சிலைத்தான் உரசுகிறது என்றால், ஸ்பேசருக்குச் செலவிட்ட பணம் அந்த இடத்தில் எதையும் தீர்க்காது. எங்கே அடிபட்டிருக்கிறது என்று காரின் அடியில் படுத்துக் கீறல்களைப் பார்த்துவிட்டுத்தான் எதை உயர்த்துவது என்று முடிவுசெய்ய வேண்டும். கீறல் சம்பில் மட்டும் இருந்தால், உயர்த்துவதைவிட உருக்குத் தகட்டாலான சம்ப் கார்டு ஒன்றைப் பொருத்துவது பல கார்களுக்குப் போதுமானது. அது சில மி.மீ. உயரத்தை எடுத்துக்கொள்ளும் என்றாலும், கல் அடித்தால் ஆயில் கொட்டி எஞ்சின் பிடித்துக்கொள்ளும் பேராபத்தைத் தடுத்துவிடும்.

முன்சக்கர இயக்கமுள்ள காரை உயர்த்தும்போது முதலில் துன்பப்படுவது ஆக்சில் ஷாஃப்ட். கியர்பாக்ஸ் உடலோடு சேர்ந்து மேலே போகிறது, சக்கரம் தரையிலேயே நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் கூடுதலாகச் சாய்கிறது. இரண்டு ஜாயிண்ட்டுகளுக்கும் இடையே 350 மி.மீ. நீளமுள்ள ஷாஃப்ட்டில், 30 மி.மீ. உயர்த்தினால் சாய்வு ஏறக்குறைய 5 பாகையும், 50 மி.மீ. உயர்த்தினால் 8 பாகையும் கூடும். வெளிப்பக்கச் சி.வி. ஜாயிண்ட் (சாய்ந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) திருப்பங்களுக்காகவே செய்யப்பட்டது, பெரிய கோணத்தைத் தாங்கும். உட்பக்க ஜாயிண்ட் அப்படியன்று. அதன் எல்லை மிகக் குறைவு. முழுவதும் தொங்கும் நிலையில் உட்பக்க ஜாயிண்ட்டின் உருளைகள் தம் கிண்ணத்தின் விளிம்புக்கு வந்துவிடுவதும், அதை மூடியிருக்கும் பூட் என்ற ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிவதும் 40 மி.மீ.க்கு மேல் உயர்த்தப்பட்ட கார்களில் எதிர்பார்க்கத்தக்கவை. பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறி, புழுதி உள்ளே புகுந்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் திருப்பத்தில் "டக் டக்" என்ற ஓசை தொடங்கிவிடும். இடது, வலது ஷாஃப்ட்டுகளின் நீளம் சமமாக இல்லாத கார்களில் குட்டையான பக்கம் முதலில் கெடும்.

சக்கரக் கோணங்களும் மாறுகின்றன. லோயர் ஆர்ம் கீழ்நோக்கிச் சாயும்போது பால் ஜாயிண்ட் உட்பக்கம் இழுபடுகிறது. சக்கரத்தின் மேற்பகுதி வெளியே சாய்கிறது, டயரின் வெளி விளிம்பு விரைவில் தேய்கிறது. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடும் லோயர் ஆர்மும் ஒரே வளைகோட்டில் இயங்காததால் இரண்டு முன் சக்கரங்களும் பார்க்கும் திசையும் மாறுகிறது. உயர்த்திய காரை வீல் அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டுவது, புது டயர்களை வாங்கிக் குப்பையில் போடுவதற்கு ஒப்பானது. பின்பக்கம் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் லேட்டரல் ராடு உள்ள கார்களில், உடல் உயர்ந்ததும் ஆக்சில் சில மி.மீ. ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். பின் பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் செல்லும் குழாய்) விறைப்பாக இழுபடுகிறதா என்று சக்கரம் தொங்கும் நிலையில் பார்க்க வேண்டும், ஏ.பி.எஸ். உள்ள கார்களில் சென்சார் ஒயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு சில கார்களில் ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். உடல் உயர்ந்ததும் அந்த வால்வு கார் காலியாக இருப்பதாகக் கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சமமாக உயர்த்தாதபோது இரவில் அதன் விளைவு தெரியும். முன்பக்கத்தை மட்டும் 30 மி.மீ. உயர்த்தினால், 2360 மி.மீ. இடைவெளியுள்ள காரில் உடல் 1.27 சதவீதம் பின்னோக்கிச் சாய்கிறது. தாழ் ஒளி 10 மீட்டர் தூரத்தில் 10 செ.மீ. அளவுக்குக் கீழிறங்கும்படி, அதாவது 1 சதவீதச் சரிவில், சரிசெய்யப்பட்டிருந்தால் அந்தச் சரிவு முழுவதும் போய், ஒளிக்கற்றை மேல்நோக்கி எழுந்துவிடும். கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைப் பக்கம் போகும் இருவழிச் சாலையில் எதிரே வரும் இருசக்கர வாகன ஓட்டியின் கண்ணுக்கு அது நேராகப் பாயும். விளக்கைச் சரிசெய்யும் திருகு ஹெட்லைட்டின் பின்னாலேயே இருக்கிறது; சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி அரைமணி நேரத்தில் முடிக்கக்கூடிய வேலை. ஆனாலும் பலர் இதைச் செய்வதில்லை.

கவிழும் இயல்பைப் பற்றியும் ஒரு கணக்கு தேவை. இரு சக்கரங்களுக்கு இடையேயான அகலத்தை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும் எண், கார் எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதற்கு ஓர் அளவுகோல். ஆல்ட்டோ 800இன் முன் சக்கர அகலம் 1295 மி.மீ.; மையத்தின் உயரம் 540 மி.மீ. என்று கொண்டால் விடை 1.20. 50 மி.மீ. உயர்த்தினால் அது 1.10 ஆகிறது. மேலே கேரியரில் மூட்டை ஏற்றினால் இன்னும் குறையும். ஊருக்குள் 30 கி.மீ. வேகத்தில் ஓடும்போது இந்த வேறுபாடு தெரியாது. தொப்பூர் கணவாயின் நீண்ட இறக்கத்தில், முன்னால் செல்லும் லாரி திடீரென்று நிற்க, ஸ்டீயரிங்கை ஒடித்து விலக நேரும்போது தெரியும். 20 முதல் 25 மி.மீ. என்பதே வீட்டில் செய்யத்தக்க உச்ச அளவு என்று நான் கருதுவதற்கு, ஆக்சில் ஷாஃப்ட்டின் சாய்வோடு இதுவும் காரணம்.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டிலேயே செய்வதென்று முடிவெடுத்தால், மேல் மவுண்ட் ஸ்பேசரே ஓரளவு பாதுகாப்பான வழி. ஏனெனில் அதில் ஸ்பிரிங்கை அவிழ்க்கவே தேவையில்லை. பானெட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் தலையில் சுற்றிலும் இரண்டு அல்லது மூன்று நட்டுகளும் நடுவில் ஒரு பெரிய நட்டும் தெரியும். சுற்றியுள்ளவற்றை மட்டுமே கழற்ற வேண்டும். நடு நட்டுதான் ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரசர் மாட்டாமல் அதைக் கழற்றினால் உள்ளே அடைபட்டிருக்கும் விசை ஒரே நொடியில் வெளியேறும். மி.மீ.க்கு 2 கிலோ விறைப்புள்ள ஸ்பிரிங் 150 மி.மீ. அமுங்கியிருந்தால் அதில் தேங்கியிருப்பது, ஏழரை அடி உயரத்திலிருந்து விழும் 10 கிலோ கல்லின் தாக்கத்துக்குச் சமம். முகத்துக்கு நேரே அது பாயும். ஸ்பிரிங்கை மாற்ற வேண்டிய வேலையைப் பட்டறையில் விட்டுவிடுவதே நல்லது.

மண் தரையில் ஜாக்கி மட்டும் வைத்துக் காரின் அடியில் புகுவதைப் போல இந்த மாவட்டங்களின் வீட்டு வாசல்களில் நான் அஞ்சும் காட்சி வேறில்லை. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும்; அவற்றை முட்டுக் கொடுக்கக் கூடாது. கான்கிரீட் தரையிலோ கனத்த மரப்பலகையின் மேலோ நிறுத்திய இரண்டு ஜாக் ஸ்டாண்டுகள் கட்டாயம் வேண்டும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஸ்ட்ரட்டை இறக்குமுன் பிரேக் ஹோஸையும் சென்சார் ஒயரையும் அதிலிருந்து விடுவித்து, நக்கிளைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். இல்லையென்றால் முழு எடையும் ஹோஸிலும் ஷாஃப்ட்டிலும் விழும். நக்கிளோடு இணைந்த இரண்டு போல்ட்டுகளின் நிலையைக் கழற்றும் முன்பே சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது கோணம் பெரிதாக மாறாது. ஸ்பேசரின் போல்ட்டுகள் 8.8 என்ற வலுத் தரத்துக்குக் குறையாதவையாக இருக்க வேண்டும். கழற்றிய பூட்டு நட்டுகளை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

பட்டறைகளிலும்கூட அடிக்கடி தவறும் ஒரு விஷயம் லோயர் ஆர்ம் புஷ். ஆர்ம் உடலோடு இணையும் இடத்தில் உள்ள இந்த ரப்பர் புஷ்ஷின் உட்குழாய் போல்ட்டால் இறுக்கப்பட்டதும் அசையாது. அதன்பின் ஆர்ம் ஏறி இறங்குவது முழுவதும் ரப்பரின் முறுக்கத்தால் நடக்கிறது. கார் அந்தரத்தில் இருக்கும்போதே, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், கார் தரைக்கு வந்ததும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்ட நிலையில் இருக்கும், சில மாதங்களில் கிழியும். உயர்த்திய பிறகு ஆர்மின் இயல்பான நிலையே மாறிவிட்டது என்பதால், போல்ட்டைத் தளர்த்தி, காரைச் சக்கரங்களின் மேல் நிறுத்தி, இரண்டு மூன்று முறை அமுக்கி அமரவிட்டு, அதன்பிறகே, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் நிறுவனம் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி சோதித்து, அதே சமயத்தில் பூட்களையும் பார்த்துவிட்டு வீல் அலைன்மென்ட்டுக்கு விட வேண்டும்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் நிறுவனம் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இந்தத் தடையைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டு சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. விபத்துக்குப் பின் வரும் காப்பீட்டு ஆய்வாளர் ஸ்பேசரைக் கண்டால் இழப்பீடு சிக்கலாகக்கூடும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஆகவே, இந்த மாவட்டங்களில் தினமும் சுமையோடு கிராமச் சாலையில் ஓடும் பழைய சிறிய காருக்கு நான் பரிந்துரைப்பது புதிய அசல் ஸ்பிரிங்குகள், புதிய ஷாக் அப்சார்பர்கள், ஒரு சம்ப் கார்டு ஆகியவைதாம். ஸ்பிரிங்கும் ஷாக்கும் நிறுவனம் குறித்த அளவிலேயே இருப்பதால், அவற்றை மாற்றுவது சட்டத்தின் கண்ணில் பழுதுபார்ப்பு மட்டுமே.